ஒன்பது சிலிண்டர் எதற்கு?

டாக்சி ஸ்டாண்டில் அவளுக்கு ‘ஏனக்கா’ என்று பெயர். எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்டுவிடுவாள். பெட்ரோல் போடுகிறவரிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறவர்வரை அவளிடம் மாட்டாதவர் இல்லை. வருடக்கணக்கில் விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறாள். தலைக்கு மேலே விமானங்கள் உறுமிக்கொண்டு போகும். அந்த உறுமலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஒருநாள் கிடைத்தான். பின் சீட்டில் ஏறியவன் விமான மெக்கானிக். கார் தெருமுனை திரும்புவதற்குள் தலையைச் சாய்த்து, “அக்கா, ஒரு பிளக் சரியா எரியலபோல” என்றான்.

“சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிட்டியா? உன்னைத்தான் தம்பி இத்தனை நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன். ஏரோப்ளேன்லயும் இதே பிஸ்டன், பிளக்குதானா?”

“பழசுல இதேதான். ஆரம்பத்துல கார் எஞ்சின் மாதிரியே பண்ணி, எடையைக் குறைச்சு மேல ஏத்துனாங்க. ரேடியேட்டரும் தண்ணியும் பாரம்னு சொல்லி, சிலபேரு சிலிண்டரை வட்டமா நிறுத்தி, அடிக்கிற காத்துலயே குளிர வெச்சாங்க. எங்க பயிற்சிக்கூடத்துல அப்படி ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டுறோம், வாங்களேன்.”

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் தையல்காரர். லேசில் கடையை விட்டு நகராத மனிதர்.

திறந்த கொட்டகையின் நடுவே இரும்புத் தாங்கியில் எஞ்சின் நின்றது. வட்டமாகச் சிலிண்டர்கள், முன்னால் ப்ரொப்பெல்லர். அவள் எண்ணினாள். ஒன்பது.

“ஏன் தம்பி ஒன்பது? எட்டு வெச்சா என்ன கெட்டுப்போகும்?”

“ஆரம்பிச்சிட்டா” என்றார் தையல்காரர்.

மெக்கானிக் சிரித்தான். “சொல்றேன்கா. முதல்ல கையால கொஞ்சம் சுத்திப் பாக்கணும், நீங்களே சுத்துங்க. சுவிட்ச் எல்லாம் ஆஃப்தான்.”

அவள் ப்ரொப்பெல்லரின் இறக்கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கனமாக, ஆனால் வழுவழுவென்று வந்தது. இரண்டாவது இழுப்பில் சட்டென்று நின்றுவிட்டது.

“நல்லா இழுங்கம்மா! கையில தெம்பில்லையா?” என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார்.

அவள் இழுக்கவில்லை. “இது இறுக்கம் இல்ல தம்பி. உள்ள ஏதோ இருந்து தடுக்குது.”

மெக்கானிக்கின் முகம் மாறியது. “கையை எடுத்துடுங்கக்கா!” அடியிலிருந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினான். கறுப்பு எண்ணெய் குபுகுபுவென்று கீழிருந்த தகரத் தட்டில் கொட்டியது. சும்மா நின்ற நாட்களில் எண்ணெய் கீழே இறங்கி அங்கே தேங்கியிருந்தது. “பிஸ்டனால எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா உள்ள இருக்கிற தண்டு வளைஞ்சிருக்கும்.”

அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, ஒரேயடியாக முழங்கியது. தையல்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அவள் பொத்தவில்லை. அந்த இரைச்சலில் ‘ஏன் ஒன்பது’ என்ற கேள்வி அடிபட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒன்பது கோப்பைகளை வட்டமாக அடுக்கினாள்.

“என்னம்மா, விருந்தாளி யாராவது வர்றாங்களா?”

“இருங்க. ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒருதடவைதான் வெடிக்கும். அது என் கார்லயும் அப்படித்தான். ரெண்டு சுத்துக்குள்ள எல்லாமே சம இடைவெளியில வெடிக்கணும்னா, ஒண்ணு விட்டு ஒண்ணா வெடிக்கணும்.” விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அடுத்து தானாகவே இரண்டில் போய் விழுந்தது. நான்கு, ஆறு, எட்டு. மறுபடி ஒன்று. ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

ஒரு கோப்பையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, திரும்ப ஒன்று. இரட்டைப்படைக்காரர்களுக்கு முறையே வரவில்லை.

“இதோ பாருங்க! எட்டு வெச்சா பாதிப்பேரு பட்டினி!”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒருதரம் தொட்டுப் பார்த்தார். “அட, ஆமா” என்றார்.

மெக்கானிக் அடுத்தமுறை காரில் ஏறியதும் முதல் வேலையாக இதைச் சொன்னாள். அவன் அன்றைக்கே அவளைப் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், பக்கவாட்டில் அறுத்து வைத்திருந்த ஜெட் எஞ்சினைக் காட்டினான்.

“உங்க கார்ல காத்தை இழுக்குறது, அமுக்குறது, எரிக்கிறது, வெளியே தள்ளுறது, நாலும் ஒரே ரூம்ல மாறி மாறி நடக்குது. இதுல வரிசையா நாலு ரூம். நாலு வேலையும் ஒரே நேரத்துல, நிக்காம.”

அவள் உள்ளே காற்றாடிபோல் வட்டமாக அடுக்கியிருந்த உலோக இதழ்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கார் எஞ்சினும் ஜெட் எஞ்சினும் வேறு வேறு மிருகம் என்று அவள் நினைத்திருந்தாள்; ஒரே மிருகம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஒருத்தி. ஓட்டுமுன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றித் தடை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அவர்கள் கொடுத்த நீல அங்கியின் கை நீளமாக இருந்ததால் தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே குறைத்துக் கொடுத்தார். போன வாரம் மெக்கானிக் டீ குடிக்க உட்கார்ந்தபோது அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“தம்பி, அவ்வளவு சூட்டுல அந்த இதழ் ஏன் உருகல?”

“டீயைக் குடிக்க விடுங்கக்கா” என்றான் அவன். ஆனால் படம் போட்டுக் காட்டப் பேனாவைத் தேடத் தொடங்கிவிட்டான்.