பொத்தென்று கேட்ட பலகை

1975-ஆம் வருடம் என்று நினைக்கிறேன். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தச் சமயம் ஆர்டரே இல்லை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்களிடம் அம்மி, ஆட்டுக்கல் வாங்கி விற்கும் கோவளத்துப் பாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சென்னையில் பழைய விசைப்படகு ஒன்று வாங்கி, கோவளம் கரையில் ஏற்றி வைத்திருந்தார். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பக்கத்தில் பூசுகிற சிவப்புப் பெயிண்ட், கோட்டுக்கு மேல் கோட்டாக ஏறி, பொருக்குத் தட்டி நின்றது. அதை மரம் தெரிகிற வரை சுரண்டி எடுக்க வேண்டுமாம்.

"மத்தவனுங்க சுரண்டினா பலகையையே தோண்டிடறானுங்கப்பா. ஒன் கைதான் பதமான கை" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காதவன் யார்? பட்டை உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெயிண்ட் சும்மா இல்லை, விஷம். தூள் பட்டால் கண் எரியும், தொண்டை கமறும். கல் தூசியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்! முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினேன். ஒரு பலகையில்கூட உளிக்காயம் இல்லை.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மறுநாள் தொழுகை முடிந்ததும் படகைத் தண்ணீரில் இறக்க ஏற்பாடு. பாயின் தம்பிதான் ஓட்டப் போகிறவர். கூட நான்கு ஆட்கள். இன்ஜினுக்குக் கீழே சுரண்டிக்கொண்டிருந்தபோது சுத்தியல் சத்தம் மாறியது. கல்லைத் தட்டிப் பார்க்காமல் நாங்கள் வேலை தொடங்கமாட்டோம். கணீரென்றால் நல்ல கல். பொத்தென்றால் உள்ளே கோளாறு, தொடவே மாட்டோம். இந்தப் பலகை பொத்தென்றது. பார்வைக்கோ குறையே இல்லை. ஊசி முனை அளவில் நாலைந்து துளைகள், அவ்வளவுதான்.

பாயிடம் சொன்னேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னா அண்ணாத்த, கல்லு தட்றவனுக்குக் கட்டையப் பத்தி இன்னா தெரியும்? நாளைக்கு எறக்கணும்னு சொல்லிகினு கீறோம், பேஜாரு பண்ணாதே. மேல புதுப் பெயிண்ட அடி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஒரே அடி அடிக்கிறேன். உளி எறங்கலன்னா மூணு நாள் கூலி வேணாம், பலகையும் நானே மாத்தித் தரேன்" என்றேன். வாய்தான் பேசியதே தவிர, உள்ளுக்குள் பயம்தான். நல்ல படகில் ஓட்டை போட்டால் ஊர் சிரிக்குமே! அதைவிட, என் பேச்சை நம்பாமல் ஐந்து பேர் கடலுக்குப் போய்விட்டால்?

பாய் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடிப்பா" என்றார்.

அடித்தேன். வேகவைத்த கிழங்கில் இறங்குவதுபோல உளி பாதிவரை இறங்கிவிட்டது. நெம்பி எடுத்தேன். உள்ளே கடல்புழு குடைந்து குடைந்து, தேனடை மாதிரி வெறும் பொந்து. மேலே விரற்கடை மரம் கூட மிச்சமில்லை. நான் சுரண்டும்வரை பெயிண்ட்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

தம்பி குனிந்து அந்தப் பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "மிச்சப் பலகையையும் தட்டிப் பாத்துடு அண்ணாத்த" என்றார். குரல் இறங்கியிருந்தது. தட்டினேன், இன்னும் இரண்டு பலகை அகப்பட்டது. மூன்றையும் மாற்றி, பதினைந்து நாள் கழித்துத்தான் படகு இறங்கியது. அன்றைக்குக் கரையிலேயே நின்று, ஐந்து பேரும் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

எத்தனையோ ஊர்க் கோயில்களுக்குச் சிலை செய்து கொடுத்திருக்கிறேன், அதற்கெல்லாம் நான் மார்தட்டிக்கொண்டது கிடையாது. ஆனால் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த ஒரு பலகையைக் காது தப்பு என்று சொன்னபோது, நான்கு பேர் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொள்ளாமல் இருந்தேனே, அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் எனக்குக் கர்வம்தான்.