பஞ்சாட்சரம் பிசைந்த தயிர்சாதம்

காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் சமையலுக்குப் பஞ்சாட்சரம்தான். சாம்பார், பொரியலை ஆட்களிடம் விட்டுவிடுவார். தயிர்சாதத்தில் மட்டும் கரண்டி படக் கூடாது. ஆறிய சோற்றில் பாலும் தயிரும் ஊற்றி, அண்டாவுக்குள் கையை விட்டு அவரே பிசைவார். கரண்டி போட்டால் சோறு கோபித்துக்கொள்ளுமாம், பேச்சைப் பாருங்கள்! ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மறுசோறு கேட்காமல் ஒருத்தரும் எழுந்ததில்லை.

முசரவாக்கத்தில் ஒரு கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில், சாப்பிட்ட பலருக்கு டைபாய்டு. கல்யாணப் பெண்ணே ஐசியூவில் கிடந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கையில் இருந்த முகூர்த்தமெல்லாம் வேறு சமையல்காரர்களுக்குப் போய்விட்டது. "எங்கப்பா கை சுத்தம்" என்று மகள் இளவரசி தெருவெல்லாம் சண்டை போட்டாள். "தண்ணி கேன்காரன்தாம்மா காரணம், பாத்துக்கினே இரு" என்பார் இவர். சுகாதாரத் துறை டாக்டர் அனு வந்து தண்ணீரிலும், சமையல் ஆட்களின் மலத்திலும் மாதிரி கேட்டபோது, முதல் ஆளாய்க் கொடுத்தவரும் இவர்தான். கேன்காரன் மாட்டுவான் என்று அவ்வளவு நம்பிக்கை, பாவம்.

அனு முடிவோடு வீட்டுக்கே வந்தார். தண்ணீரில் ஒன்றுமில்லை.

"கிருமி உங்க உடம்புலதான் இருக்குதுய்யா. சின்ன வயசுல டைபாய்டு வந்துச்சா?"

வந்தது, இவருடைய கல்யாணத்துக்கு முன்னால். காய்ச்சல் போய்விட்டது, கிருமி பித்தப்பையில் தங்கிவிட்டது என்றார் அனு. இவருக்கு ஒரு தலைவலிகூடத் தராமல், கைவழியாக மற்றவர்களுக்குப் போயிருக்கிறது.

"அந்தக் கிருமி ஊரெல்லாம் இருக்குமேம்மா. அது என்னுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான்.

"மரபணுவைப் படிச்சுப் பாத்தோம். ஒரே பாவு நூல்ல நெய்த புடவைங்களை இந்த ஊர்க்காரங்க நீங்க பாத்ததும் சொல்லிடுவீங்க இல்ல? அதுமாதிரி. உங்களுதும் கல்யாணப் பொண்ணுதும் ஒண்ணு." அனு கொஞ்சம் தயங்கினார். "பழைய நோயாளிங்க கிருமியையும் லேப்ல உறைய வெச்சிருப்பாங்க. அதுல ஒண்ணும் இதோட ஒத்துப்போச்சு. மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. கமலாட்சின்னு பேர் இருந்துச்சு."

கமலாட்சி பஞ்சாட்சரத்தின் மனைவி. டைபாய்டில் குடல் ஓட்டையாகிச் செத்துப் போனவள்.

கல்யாண வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு டப்பா தயிர்சாதம் கொண்டு வருவார். உருட்டி உருட்டி அவரே ஊட்டியும் விடுவார். வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று அக்கம்பக்கமே சிரிக்கும்.

மாத்திரை இருக்குது, பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று அனு ஏதேதோ சொன்னார். இவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

"நான் ஊட்டுனதுலதான் போச்சாம்மா? எந்தக் கல்யாணத்து சோறு?"

"அதெல்லாம் இதுல தெரியாதுய்யா. ரெண்டும் ஒரே கிருமின்றது மட்டும்தான் தெரியும்."

"நீ டப்பா கொண்டாந்த அன்னிக்கெல்லாம் அம்மா பசியே இல்லன்னுச்சுப்பா" என்றாள் கதவோரம் நின்றிருந்த இளவரசி. "நீ மனசு நோவேன்னு தின்னுச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பஞ்சாட்சரம் மகள் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அவள் வரவில்லை.