செங்கோடனின் பிரேக் கால்

கண்ணாடியை மாட்டிய நான்காவது நிமிடத்தில் செங்கோடன் என் செருப்பின் மேல் வாந்தி எடுத்தார். காலையில் தின்ற தக்காளிச் சோறு அப்படியே வந்தது. முப்பது வருடம் நோயாளிகளின் மலத்தையும் சளியையும் துடைத்தவள் நான். வாந்தி எனக்குப் புதிதல்ல. நன்றாக இருந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து வாந்தி எடுக்க வைப்பதுதான் புதிது.

நாமக்கல் புறவழிச் சாலையில் இருக்கும் லாரி ஓட்டுநர் பயிற்சிக் கூடம் அது. முதலுதவிக்கு என்று என்னை வைத்தார்கள். வாளியும் மாப்பும் வேலையோடு சேர்ந்து வந்தன.

செங்கோடன் எருமப்பட்டிக்காரர். வயது ஐம்பத்து நான்கு. பதினேழு வயதில் கிளீனராக ஏறியவர், இருபத்தைந்து வருடமாக முட்டை லாரி ஓட்டுகிறார். பிரேக்கை மிதிக்கக் கூடாது, பாதத்தைச் சாய்க்க வேண்டும் என்பார். பின்னால் சரக்கு சாய்வது முதுகில் தெரியுமாம். பாலக்காட்டில் இறக்கும்போது இரண்டு அட்டை முட்டைக்கு மேல் உடைந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய கம்பெனி புதிதாக ஒரு விதி போட்டது. ஐம்பது தாண்டிய ஓட்டுநர்கள் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதற்குள் தெரியும் சாலையில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஐந்து நாள் கெடு. முடியாதவர்கள் லாரியை விட்டு இறங்கி குடோனில் அட்டை அடுக்கப் போகலாம்.

அந்தக் கண்ணாடியின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். முகத்தில் படும் பஞ்சு முப்பது பேரின் வியர்வையையும் தலை எண்ணெயையும் குடித்துக் கறுத்திருந்தது. மோந்தாலே குமட்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பழுப்புத் தண்ணீர் கக்கியது.

பயிற்சி கொடுக்கும் தீனதயாளனுக்கு இருபத்தாறு வயது. எல்லாம் மனசுதான் காரணம், பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

செங்கோடன் வாயைத் துடைத்துக்கொண்டார். "மனசு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. கண்ணு ஓடுது, குண்டி நவுர மாட்டீங்குது. நான் என்ன பண்றதுங்க?"

விஷயமே அதுதான். வண்டி திரும்புகிறது என்று கண் சொல்கிறது. உடம்பு அசையவே இல்லை என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் விஷம் தின்றதைப் போல் வயிறு புரளும். கொல்லிமலை வளைவுகளில் பின்னால் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும்போது ஓட்டுபவர் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். அடுத்த ஆட்டம் அவர் உடம்புக்கு முன்பே தெரியும். இங்கே செங்கோடன் பிரேக் போட்டால் முதுகில் எதுவுமே வந்து சேரவில்லை. ஓட்டிக்கொண்டே அவர் பயணியாகிவிட்டார்.

பல்லைக் கடிக்க வேண்டாம் என்றேன். காலையில் இரண்டு இட்லி போதும். முகத்துக்கு நேராக மின்விசிறி. வாயில் எச்சில் ஊறத் தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். அரை மணி கழித்து மறுபடி மாட்டலாம். மூன்று நிமிடம் ஆறானது, ஆறு பதினொன்றானது. நடுவில் இரண்டு முறை வாளி நிறைந்தது. தீனதயாளன் மூக்கைப் பொத்திக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஐந்தாம் நாள் மதியம் இருபது நிமிடமும் முடிந்தது.

கம்பெனி மேனேஜர் தங்கசாமி முட்டை ஏற்றிய லாரியோடு வாசலிலேயே காத்திருந்தார். சான்றிதழ் வந்த கையிலேயே சாவியையும் கொடுத்தார். படி இறங்கும்போது செங்கோடன் சுவரைப் பிடித்தார். அதைப் பார்த்தும் நான் பேசாமல் நின்றது தப்பு.

வாசலைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. கண்ணாடிக்குள் பலமாக மிதித்தால்தான் வண்டி நிற்கும்; ஐந்து நாளில் கால் அதைப் பழகியிருந்தது. மிதித்தார். அட்டைகள் சரியும் சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்கதவு இடுக்கில் மஞ்சளாக ஒழுகி, வெயிலில் கொதிக்கும் தாரில் சொட்டி நாறத் தொடங்கியது.

செங்கோடன் இறங்கி வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலு எம்பட காலு மாதிரியே இல்லீங்கக்கா" என்றார்.

வேறு டிரைவருக்கு லாரியைக் கொடுத்துவிடுகிறேன் என்று தங்கசாமி போனை எடுத்தார். கண்ணாடி வந்த பெட்டியில் ஏதாவது காகிதம் இருந்ததா என்று தீனதயாளனைக் கேட்டேன். மேசை இழுப்பறையில் இருந்தது, உறை பிரிக்காமல். பிரித்துத் தங்கசாமியிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றிய பின் தலைசுற்றலும் தடுமாற்றமும் முழுதாகத் தீரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். செங்கோடனிடம், "காத்தால வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

லாரியைச் செங்கோடனே கழுவினார். மறுநாள் காலை ஐந்து அட்டை முட்டையை மட்டும் பின்னால் கட்டாமல் அடுக்கி, அதே வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினார். முதல் சுற்றில் அட்டை நகர்ந்தது. மூன்றாவதில் நகரவில்லை. அதன் பிறகுதான் சரக்கு ஏற்றச் சொன்னார்.

அடுத்த வாரம் இன்னும் எட்டுப் பேர் வருகிறார்கள். கண்ணாடியின் பஞ்சை மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் அதே பஞ்சுதான்.