கரி தோண்டிய குளத்தில் பிண்டம்

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், பிராண்டேயிலிருந்து காரில் இருபது நிமிடம் தள்ளியுள்ள ஒரு சின்ன ஊர். உலக யுத்தத்தால் வெளிநாட்டு நிலக்கரி வராமல் போனபோது இங்கே மண்ணைப் புரட்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்தார்கள். 1970 வாக்கில் கரி முடிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். குழிகளில் தண்ணீர் நிறைந்து குளங்களாயின. மணல் இன்னும் சரிகிறது என்பதால் சில கரைகளில் ‘உயிராபத்து’ என்று பலகை நட்டிருக்கிறார்கள். பலகையோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

பலகை இல்லாத ஒரு குளத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். அடிமண் தெரியும் தண்ணீர். எனக்கு அது வேண்டியிருந்தது.

என் தகப்பனார், நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், இலங்கை யுத்தத்தின் கடைசியில் வன்னியில் இடம்பெயர்ந்த இடத்தில் செத்துப்போனார். காய்ச்சல் என்றார்கள். பட்டினி என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் போனில் கதைத்தபோதும், “நாங்கள் சாப்பிட்டிட்டம். நீ சாப்பிட்டியோ?” என்றுதான் கேட்டார். பொய் என்று தெரிந்துகொண்டே, “ஓம் ஐயா” என்றேன். பாதை பூட்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ சொந்த நாட்டுக்குச் செல்லாத, அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். கொள்ளி வைக்கவும் போக முடியவில்லை.

மிஞ்சியது ஆடி அமாவாசை மட்டும். அன்றைக்காவது அவருக்குச் சோறு கொடுக்கலாம். ஐயர் இல்லை, மந்திரமும் தெரியாது. விரதமிருந்து, சோற்றில் எள்ளும் வாழைப்பழமும் பிசைந்து மூன்று உருண்டை பிடித்து அந்தக் குளத்தில் விடுவேன். மீன் தின்றால் ஐயா தின்ற மாதிரி. வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

“கடலுக்குப் போவம் எண்டு எத்தினை தரம் சொல்லிப் போட்டன்,” என்று மனைவி ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பாள்.

“இது எங்கட ஊர்க் கீரிமலைத் தீர்த்தத்தை விடத் துப்புரவு. அடி தெரியுது, பாரும்.”

உண்மையைச் சொன்னால், மேற்குக் கடலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட வேண்டும். எனக்குப் பஞ்சி, சோம்பல். பிண்டம் விட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

போன வருடம் எள்ளுத் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோன செம்பைக் கரையில் மறந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை எடுக்கப் போனேன். தண்ணீருக்குள், துருப்பிடித்த நிறத்தில் கிடந்த மண்ணில், மூன்று உருண்டைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஓரிடம்கூடக் கடிபடவில்லை. எள்ளை எண்ணலாம் போலிருந்தது.

நாயோடு நடக்க வந்த பக்கத்து வீட்டுக் கிழவர் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். இளவயதில் இங்கேயே கரி வெட்டியவர். மீனுக்குச் சோறு போட்டேன் என்றேன். இதில் மீன் இல்லை, புழுகூட இல்லை என்றார். நாங்கள் கிண்டிப்போட்ட மண் தண்ணீரை அமிலமாக்கிவிட்டது, அதனால்தான் இவ்வளவு தெளிவு என்றார். மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார். கரி வெட்டிய அந்தக் கைகளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவளுக்கு இருபது வயது. தனக்குத் தெரியும் என்றாள், வழக்கம்போல டேனிஷில். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தால் கூட்டிப்போய், அந்தத் தண்ணீரில் அமிலம் பார்க்கும் தாளைத் தோய்த்துக் காட்டினார்களாம். தாள் சிவந்ததாம்.

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. அங்கே போய் வந்தால்தானே நீங்கள் சாப்பிடுவீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றாள்.

நான் சாப்பிட வேண்டும் என்று ஐயா எனக்குச் சொன்ன அதே பொய். இத்தனை வருடமும், பட்டினியில் செத்த மனிதனின் சோற்றை ஒருவரும் தின்னாத இடத்தில் போட்டுவிட்டு, நான் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.