மழையில் வற்றிய ஓடை

ஆயர் ஈத்தாம் மலைக்காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் குரங்கும் பறவையும் காட்டுவது என் வார இறுதி வேலை. வழிகாட்டி என்று பெயர்தான். பாதி நேரம் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே நடப்பேன். செடியைப் பிடுங்காதே, பிஸ்கட் போடாதே, கத்தாதே. காடு என்ன பேரங்காடியா, நம் இஷ்டத்துக்குச் சுற்ற?

அன்று வந்தவர்கள் இருவர்தான், செபராங் ஜெயாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். கணவருக்கு லோத்தோங் குரங்குக் குட்டியைப் படம் எடுத்தே ஆக வேண்டும். தாய்க் குரங்கு கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எனக்கு அன்று காடு பிடிக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்தில் வெயில். மலை உச்சியை மட்டும் மேகம் மூடி, காலையிலிருந்து இடி உறுமிக்கொண்டிருந்தது. ஓடை முழங்கால் அளவு ஓடியது.

"இதுக்கு மேல போக வேணாம்லா. இங்கயே நின்னு பார்ப்போம்," என்றேன்.

மனைவியின் காலில் அட்டை ஏறியிருந்தது. குனிந்து அதை எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஏதோ குறைந்தது போல் இருந்தது. தண்ணீர்ச் சத்தம்! ஓடை கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. அவரோ அக்கரையில் நின்று மரத்தை நோக்கிக் கேமராவைத் தூக்கியிருந்தார். தண்ணீர் குறைந்ததே நல்லது என்று கடந்துவிட்டார் மனிதர்.

மலையில் மழை கொட்டும்போது ஓடை வற்றினால், மேலே எங்கோ மரமும் மண்ணும் சரிந்து தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது எப்போது வேண்டுமானாலும் உடைத்துக்கொண்டு வரும்.

"அண்ணே, இறங்காதீங்க! அந்தப் பக்கமே மேட்டுல ஏறுங்க! சீக்கிரம்!"

என் குரலில் அந்தப் பெண் பயந்துபோனாள். "என்னங்க, இங்க வந்துடுங்க! எங்கிட்ட வந்துடுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். குப்பென்று பச்சை மண் வாடை அடித்தது. அவள் வாயை என் கையால் பொத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சேர்த்து, ஏறச் சொல்லிக் கத்தினேன். அவர் வெலவெலத்துத் திரும்பி, வேரைப் பிடித்து ஏறினார். நானும் அவளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன்.

முதலில் தரை அதிர்ந்தது. பிறகு கறுப்பாக, மரமும் பாறையுமாக வந்தது. அவர் கால் வைத்த இடமே இல்லாமல் போயிற்று.

பாலம் உள்ள சுற்றுவழியாக அவர் எங்களிடம் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. "அக்கா, என்னா வார்த்தைலா அதெல்லாம்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, அப்போது தண்ணீரில் வைத்த காலின் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தானே உங்கள வரச் சொன்னேன்," என்றாள்.