துரை காரின் கதவுக் கண்ணாடி

ராயபுரம் கடலோரப் பட்டறையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, ஒரு துரையின் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதன் கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமே கிடையாது. உடைந்திருந்ததை எடுத்துவிட்டு, பட்டறையில் கண்ணாடி வேலை பார்த்த பஷீர் பாய் வெட்டித் தந்த புதுக் கண்ணாடியை மாட்டினேன். கதவைச் சாத்தினாலும் காற்று உள்ளே விசிலடித்தது.

"அளக்கத் தெரியலன்னா இன்னாத்துக்குப் பாய் கண்ணாடி வெட்டுற?" என்று எல்லார் முன்பும் கத்திவிட்டேன்.

பாய் கன்னத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியின் விளிம்போரமாக முகத்தை மெல்ல நகர்த்தினார்.

"மேல் மூலைல காத்து பூருது மாமு. கண்ணாடி சாஞ்சு கீது."

நான் முடுக்கியிருந்த திருகுகளைத் தளர்த்தி, நூலளவு நிமிர்த்தினார்.

நான் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். எதிரே அலை உடைந்தது, சத்தமே இல்லை. மெய்சிலிர்த்துவிட்டது.

"தப்பு என்மேலதான் பாய், மன்னிச்சுக்க" என்றேன்.

வெளியே நின்ற பாய்க்கு அதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன்.