ஏழால் வகுபட்ட இரண்டு எண்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் அம்மாவின் தம்பி பேராவூரணியிலிருந்து எங்கள் ஊருக்கு வருவார். திரும்பும்போது அண்ணனை அழைத்துப்போவார். அங்கே மாமாவுக்குத் தென்னந்தோப்பு. தோப்பிலிருந்து சைக்கிளை மிதித்தால் கடல். வலங்கைமானைத் தாண்டியிராத நான் கடலைப் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கூடமாட உதவ ஒரு பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அந்தப் பிள்ளை யார் என்பதில் எந்த வருடமும் குழப்பம் இருந்ததில்லை.

எனக்குப் பத்து வயதான வருடம் மாமா ஒரு யோசனை சொன்னார்.

"கணக்கே முடிவு பண்ணட்டும் அத்தான். ஆளுக்கொரு மூணு இலக்க எண் சொல்லட்டும். அதையே பக்கத்துல இன்னொரு தடவை எழுதி ஏழால வகுங்க. மீதி வந்தா வீட்டுல இருக்கணும்."

அப்பா சீட்டுக் குலுக்குவதை நம்பமாட்டார், கணக்கை நம்புவார். பெரும்பாலும் மீதிதான் வரும், இரண்டு பேரும் வீட்டில் கிடப்போம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கவேண்டும். சரி என்றார். மாமா அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

அண்ணன் சோம்பேறி. "நூறு" என்றான்.

"மொட்டையா நூறுன்னு சொல்லாதடா, ஒண்ணு சேத்துக்க" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. மொய் எழுதிய பழக்கம். அப்பா தரையில் சாக்குக்கட்டியால் 101101 என்று எழுதி வகுத்தார். 14443. மீதி இல்லை.

"அம்மா சேத்து விட்டுட்டாங்க! செல்லாது!" என்று கத்தினேன். மூன்று பேரும் பேசிவைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

"நீயும் வேணும்னா ஒண்ணு சேத்துக்கடி" என்றான் அண்ணன்.

சேர்க்கவில்லை. யாரும் யூகிக்க முடியாதபடி 587 என்றேன். அப்பா 587587 என்று எழுதினார். அவர் கை மறைத்தபோதெல்லாம் குனிந்து பார்த்தேன். 83941. மீதி இல்லை.

அப்பா இன்னொரு முறை வகுத்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று சாக்குக்கட்டியை மூலையில் போட்டார்.

பேருந்தில் முறுக்கு மடித்த காகிதத்தில் 100100 எழுதி வகுத்துப் பார்த்தேன். மீதி இல்லை. 432432. அதிலும் இல்லை. காகிதம் தீரும்வரை எந்த எண்ணும் மீதி தரவில்லை.

"மாமா, ஏமாத்தியிருக்கீங்க."

அவர் மறைக்கவில்லை. "மூணு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினா ஆயிரத்தொண்ணால பெருக்கின மாதிரி. ஏழு, பதினொண்ணு, பதிமூணு மூணையும் பெருக்கினா ஆயிரத்தொண்ணு. அப்புறம் ஏழால வகுத்தா எங்கேருந்து மீதி வரும்?"

"அப்ப ஏமாத்தினதுதானே?"

"ஆமாடி. உன்னையா ஏமாத்தினேன்?"

கேள்வியைத் திருப்பிக் கேட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். பின்னே யாரை என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோடை முழுவதும், கடலுக்குப் போகும்போதுகூட, அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அவரைக் கண்காணித்துக்கொண்டே இருந்தேன்.